எட்டாம் கட்டத்தில் என்ன எழுதுவது?

தாம்பரம் சானடோரியத்தில் ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வந்தால் மெப்ஸ் வாசல். 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். காலை எட்டரைக்குள் அந்த வாசலுக்குள் நுழைய அடித்துப் பிடித்து ஓடும் பெண்கள் கூட்டத்தில் இருபத்தொன்பது வருஷம் நானும் ஒருத்தி. மற்றவர்கள் தையல் லைனுக்குப் போவார்கள். நான் மாடிக்கு, எக்ஸ்போர்ட் டாகுமெண்டேஷன் பிரிவுக்கு. ஒரு காலர்கூட என் கையால் தைத்ததில்லை. ஆனால் லட்சக்கணக்கான சட்டைகளுக்கு ஜாதகம் எழுதியிருக்கிறேன்.

அந்த ஜாதகத்துக்கு அப்போது ஃபார்ம் ஏ என்று பெயர். வெளிர் பச்சையில் நெளிநெளியாகக் கோலம் போட்ட தாள். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் சான்றிதழ் அது. அதில் பன்னிரண்டு கட்டம். ஜாதகத்திலும் பன்னிரண்டுதான், இரண்டிலும் வில்லங்கம் எட்டாம் கட்டத்தில்தான் இருக்கும். சரக்கு முழுக்க முழுக்க இந்த மண்ணிலேயே விளைந்ததென்றால் எட்டில் 'பி' என்று போட வேண்டும். வெளியிலிருந்து வந்த பொருளை இங்கே போதுமான அளவு வேலை செய்து மாற்றியிருந்தால் 'டபிள்யூ', பக்கத்தில் சரக்கின் எண். ஆண்கள் சட்டைக்கு 62.05. அதில் ஒரு எழுத்து பிசகினால் ஹாம்பர்க் துறைமுகத்தில் பெட்டி நிற்கும், இங்கே என் நாற்காலி ஆடும்.

இந்தத் தாளுக்காக ஏன் இத்தனை அக்கறை? வரிக்காகத்தான். வளரும் நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு இறக்குமதி வரியைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஐரோப்பியர்கள் 1971இல் தொடங்கினார்கள். ஜி.எஸ்.பி. என்று சொல்வோம். ஆயத்த ஆடைக்கு அவர்களுடைய வரி 12 சதவீதம் என்றால், அந்தக் காலத்தில் இந்தத் தாளைக் காட்டினால் இந்தியச் சட்டைக்கு 9.6. ஐந்து யூரோ சட்டையில் பன்னிரண்டு சென்ட் மிச்சம். சிரிக்காதீர்கள். ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டரில் அது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். பையர் பெருக்கித்தான் பார்ப்பார்.

2005 ஜூலையில் எங்கள் பிழைப்பில் ஒரு கல் விழுந்தது. சுனாமியில் அடிபட்டுக் கிடந்த இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற மேல்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. கொழும்பில் தைத்த சட்டைக்கு வரியே இல்லை. அதே ஐந்து யூரோ சட்டைக்கு எங்களுக்கு நாற்பத்தெட்டு சென்ட் வரி, அவர்களுக்குப் பூஜ்யம். எங்கள் மெர்ச்சண்டைசர் பையன் வாராவாரம் புலம்புவான். பிளஸ் என்பது சும்மா வருவதல்ல என்பதுதான் இதில் விசேஷம். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி என்று 27 சர்வதேச ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு, அவற்றை நிஜமாகவே நடத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பிளஸ் போய்விடும். சித்திரவதை ஒழிப்பு ஒப்பந்தத்துக்கும் காலர் தைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பையன் கேட்டான். எனக்கும் அப்போது தெரியாது.

தெரிந்தது என் வீட்டு மாடியில்.

சேலையூரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் 1998இலிருந்து ஓர் அம்மா குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். 1990இல் படகில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு முகாமுக்கு வெளியே தங்கும் வெளிப்பதிவில் சென்னைக்கு வந்தவர். மூத்த மகன் அதற்கு முன்பே ஏஜென்சிக்குக் காசு கட்டி, எங்கெங்கோ சுற்றி, பாரிஸில் போய் இறங்கி அகதிக் கேஸ் கொடுத்துக் கார்டும் வாங்கிவிட்டார். இன்று அவர் பிரெஞ்சுக் குடிமகன். லா ஷப்பல் பக்கம் கடை. மகள் நெதர்லாந்தில் குடியுரிமை வாங்கிப் பிறகு குடும்பத்தோடு லண்டன் போனார். தங்கையின் பேத்தி கிளிநொச்சியில் இருக்கிறாள். இந்த நாலு ஊரும் அந்த அம்மாவின் கைபேசிக்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுகூடும். கதைக்கு வசதியாக நான் கோத்த குடும்பமென்று நினைப்பீர்கள். அந்தத் தீவிலிருந்து சிதறிய எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்தக் கணக்குத்தான் வரும்.

2008 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் இலங்கை மீது விசாரணை தொடங்கியது. வன்னியில் சண்டை முற்றிக்கொண்டிருந்த காலம். கொழும்பு அரசு விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்தது. ஓராண்டு கழித்து, முள்ளிவாய்க்கால் எல்லாம் முடிந்த பிறகு, 2009 அக்டோபரில் அறிக்கை வந்தது. குடிமை அரசியல் உரிமைகள், சித்திரவதை ஒழிப்பு, குழந்தை உரிமைகள் ஆகிய மூன்று ஒப்பந்தங்கள் தாளில்தான் இருக்கின்றன, நடப்பில் இல்லை என்றது அறிக்கை. 2010 பிப்ரவரியில் சலுகையை நிறுத்த முடிவெடுத்து, ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஜூனில் பதினைந்து நிபந்தனைகளோடு ஒரு கடிதம் போனது. நிறைவேற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் ஆறு மாதம் தருகிறோம் என்றார்கள். எங்கள் இறையாண்மையில் கை வைக்காதீர்கள் என்று கொழும்பு திருப்பி அனுப்பியது.

சலுகை நின்ற தேதி 2010 ஆகஸ்ட் 15. அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மெர்ச்சண்டைசர் பையன் தன் காசில் ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கி வந்திருந்தான். "மேடம், இன்னிக்கு நமக்கு ரெண்டு சுதந்திரம்" என்றான். நானும் ஒரு துண்டு வாங்கி, பாதியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாடி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு விஷயத்தையும் சொன்னேன்.

அவர் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப பிள்ளை, எங்கட சனத்தைக் கொண்டதுக்கு அவையள் குடுத்த தண்டனை சட்டைக்கு வரியோ?"

ஓம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா? எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. இன்று கேட்டால் சொல்வேன்: ஆமாம், ஏனென்றால் அந்த அமைப்பின் கையில் இருந்த கருவி அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் என்பது ஒரு நாடு அல்ல. இன்று 27 நாடுகள் தங்கள் அதிகாரத்தில் கொஞ்சத்தைக் கழற்றி மேலே ஒரு பொது இடத்தில் வைத்திருக்கின்றன. வியாபாரமும் சுங்கமும் முழுக்க மேலே போய்விட்டன. பட்டாளமும் வெளியுறவும் பெரும்பாலும் கீழேயே இருக்கின்றன. எனவே மேலே இருப்பவர்களுக்கு ஒருவர் மீது கோபம் வந்தால் அதைப் பெரும்பாலும் சுங்க வரியாகத்தான் காட்ட முடியும். பல்லாவரத்துக்கும் நாகல்கேணிக்கும் இது புதிதல்ல. 1990களில் ஜெர்மனி சில சாயங்களுக்குத் தடை போட்டது. அங்கே எடுத்த முடிவுக்கு இங்கே தோல் பட்டறைகளில் சாய டப்பாவை மாற்றினோம். ஐரோப்பாவிலிருந்து ஒரு காகிதம் வந்தால் குரோம்பேட்டையில் தண்ணீரின் நிறம் மாறும் என்று என் அப்பா சொல்வார். சாயத்தை மாற்ற வைத்த அதே கை, ஒரு நாட்டின் சிறைச்சாலைச் சட்டத்தையும் மாற்றப் பார்க்கிறது. இதுதான் புதிது.

மைசூர்பாகின் கதையை முடித்துவிடுகிறேன். இலங்கை இழந்த ஆர்டர் தாம்பரத்துக்கு வரும் என்று நம்பினோம். நாலைந்து விசாரிப்பு வந்தது, மாதிரி அனுப்பினோம். 2011 ஜனவரியில் ஐரோப்பா விதியை மாற்றியது. மிகவும் ஏழை நாடுகள் என்று பட்டியலிட்டவை, எந்த ஊர்த் துணியை வாங்கித் தைத்தாலும் சரி, வரி கிடையாது. வங்கதேசம் அந்தப் பட்டியலில் இருந்தது. பையர் டாக்காவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

மாடி அம்மாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்துதான் இந்த விஷயத்தை நான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். பாரிஸ் மகன் சொல்வது ஒரு பாடம், லண்டன் மகள் சொல்வது ஒரு பாடம்.

சொந்த நாட்டு நாடாளுமன்றத்தில் எண்ணிக்கையால் எப்போதும் தோற்கிற இனம், தன் நாட்டுக்கு மேலே இருக்கிற ஒரு வாசலைத் தேடிப் போகும். ஸ்காட்லாந்துக்காரர்கள் போனார்கள். 1980களின் கடைசியில் அவர்களுடைய தேசியக் கட்சி 'ஐரோப்பாவுக்குள் சுதந்திரம்' என்று முழக்கத்தையே மாற்றிக்கொண்டது. ஈழத் தமிழர் விஷயத்தில் விசித்திரம், அந்த வாசல் அவர்கள் நாட்டுக்கு மேலே இல்லை. ஓடிப்போய் ஒதுங்கிய நாடுகளுக்கு மேலே இருக்கிறது. ஒதுங்கிய இடத்தில் குடியுரிமை கிடைத்ததும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கும் கிடைத்தது. அளவெட்டிக்காரரின் பிள்ளை பாரிஸில் நின்று போடுகிற வாக்கு, பிரசெல்ஸ் வழியாகச் சுற்றி, கொழும்பின் ஏற்றுமதிக் கணக்கில் போய் உட்காருகிறது. வருஷாவருஷம் பிப்ரவரி குளிரில் ஜெனீவா ஐ.நா. அலுவலகத்தை நோக்கிச் சைக்கிள் மிதிக்கிறார்களே, ஐரோப்பிய அலுவலகங்களின் வாசலில் நின்று மனுக் கொடுப்பதும் அந்தப் பயணத்தில் ஒரு பகுதி.

ஆனால் அந்த வாசல் இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. 2006 மே 29 அன்று ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சட்டம், நெளிந்து வளைந்து ஓட இடமிருந்தது. இப்போது ஒரே பேனா, ஒரே நாளில், அத்தனை நாடுகளிலும் கணக்குகள் முடக்கம்.

இதில் பலருக்கு ஞாபகம் இல்லாத ஒரு பின்கதை உண்டு. 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்தவர்கள் நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நார்டிக் நாட்டுக்காரர்கள். தடை வந்ததும், தடை போட்ட நாட்டுக்காரர் நடுவராக இருக்கக் கூடாது என்று புலிகள் சொல்ல, ஒன்றியத்தில் உறுப்பினரான மூன்று நாட்டுக்காரர்களும் மூட்டை கட்டினார்கள். எஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். நார்வே மக்கள் 1972இலும் 1994இலும் ஐரோப்பாவோடு சேர மாட்டோம் என்று வாக்குச்சீட்டில் சொன்னவர்கள். சேர்ந்திருந்தால் அவர்களும் அன்றைக்கே மூட்டை கட்டியிருக்க வேண்டும். தனித்து நின்ற நாடு நடுவராக முடிந்தது, கூடி நின்ற நாடுகளால் முடியவில்லை. கண்காணிப்பாளர்கள் குறையக் குறையச் சண்டை நெருங்கியதைத்தான் பிறகு பார்த்தோம். அதனால்தான் சண்டை வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு இரண்டு தரப்பிலும் வேறு காரணங்கள் நிறைய இருந்தன.

லக்ஸம்பர்க்கில் இருக்கிற ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 அக்டோபரில் அந்தத் தடையை ரத்து செய்தபோது நம்மூர்ச் சுவரொட்டிகளில் 'மாபெரும் வெற்றி' என்று போட்டார்கள். தீர்ப்பின் சாரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது அப்படியே என் தொழில் தர்மம்! புலிகள் நல்லவர்களா கெட்டவர்களா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்கக் காட்டிய ஆதாரங்கள் பத்திரிகையிலிருந்தும் இணையத்திலிருந்தும் பொறுக்கியவை; தகுந்த அதிகாரி விசாரித்துக் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டது. இந்திய அரசு 1992இலிருந்து போட்டுவரும் தடையைக் காட்டினார்கள். வெளிநாட்டு அதிகாரியின் தாளை வைத்து முடிவெடுப்பதென்றால், அந்த நாட்டில் எதிர்த்தரப்பின் உரிமைக்குப் பாதுகாப்பு உண்டா என்று முதலில் பாருங்கள் என்றது. மேல்முறையீட்டிலும் 2017 ஜூலையில் அதுவே நின்றது. ஆனாலும் முடக்கம் நீங்கவில்லை. வேறு தாள், சரியான முத்திரையோடு, தயாராக இருந்தது. ஃபார்ம் ஏ திரும்பி வந்தபோதெல்லாம் நாங்கள் செய்ததும் அதுதான்.

இன்னொரு நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. இது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல. அதைவிடப் பெரிய, 46 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய மன்றத்தின் மனித உரிமை நீதிமன்றம். நம் தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டையும் குழப்புவார்கள். திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழர்கள் அங்கே வழக்காடி 1991இல் தோற்றார்கள். 2008இல் பெயர் வெளியிடாத ஒரு தமிழர் பிரிட்டனுக்கு எதிராக ஜெயித்தார். கொழும்பு விமான நிலையத்தில் இறங்கினால் இவருக்கு என்ன ஆகும் என்பதை, முன்பு கைதானது, உடம்பில் தழும்பு இருப்பது, கைரேகை எடுத்திருப்பது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. அந்தச் சமயத்தில் நூற்றுக்கணக்கான தமிழர்களின் நாடுகடத்தலை அந்த நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்திருந்தது. நாட்டுக்கு மேலே ஒரு நீதிமன்றம் இருப்பதன் பொருள் என்ன என்று கேட்டால், அப்படி நாடுகடத்தல் நின்றுபோன ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

இலங்கைக்குத் திரும்புவோம். 2017 மே மாதம் பிளஸ் திரும்பக் கிடைத்தது. கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சிலர் கொண்டுவந்த தீர்மானம் ஏப்ரலில் தோற்றது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்று கொழும்பு வாக்குக் கொடுத்திருந்தது. பாரிஸ் மகனுக்குக் கோபம். "ஒண்டும் செய்யாமலே திருப்பிக் குடுத்திட்டாங்கள்" என்று தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது. அதே ஞாயிறு, கிளிநொச்சிப் பேத்தி அழைத்தாள். அவள் வேலை செய்வது ஆடைத் தொழிற்சாலையில். போருக்குப் பிறகு வன்னியில் முளைத்த தொழிற்சாலைகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் போரில் வீட்டு ஆம்பிளையைத் தொலைத்த குடும்பத்துப் பெண்கள். ஆர்டர் கூடும், ஓ.டி. கிடைக்கும் என்று அவளுக்குச் சந்தோஷம்.

மாடி அம்மா இரண்டு பேருக்கும் "ஓம், ஓம்" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சரியாத்தான் கதைக்கினம். நான் என்ன செய்ய?"

பொருளாதாரத் தடையால் சிறுபான்மைக்கு நீதி வாங்கித் தரலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பேத்தியைப் பற்றிப் பேசுவதில்லை. தடையே வேண்டாம், வளர்ச்சி எல்லாவற்றையும் சரிசெய்யும் என்கிறவர்கள் பூசா தடுப்பு முகாமில் விசாரணை இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், சலுகையை நிறுத்துவதைவிட, நிறுத்துவோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்குத்தான் வலு அதிகம். 2010இல் நிறுத்தியே விட்டார்கள்; அதற்குப் பிறகு ஏழு வருஷம் பிரசெல்ஸ் கையில் கயிறே இல்லை. கயிறு மறுபடி கைக்கு வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள்.

2021 ஜூன் 10. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்காவிட்டால் பிளஸை மறுபடி நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. ஆதரவு 628, எதிர்ப்பு 15. அந்தத் தீர்மானத்தில் அஹ்னாஃப் ஜஸீம் என்று ஒரு பெயர் வருகிறது. மன்னார்ப் பக்கத்து இளம் ஆசிரியர், கவிஞர். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை எழுதியதற்காக 2020 மே மாதம் கைதானவர். கவிதையில் தீவிரவாதம் இருக்கிறது என்றது போலீஸ். படித்தவர்கள் அது வன்முறைக்கு எதிரான கவிதை என்றார்கள். சட்டைக்கு வரிவிலக்கு தருவதா வேண்டாமா என்ற பேச்சில் ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்தின் ஆசிரியர் பெயர்! நம்மூர் இலக்கியக் கூட்டங்களில்கூட அந்த வருஷம் அவர் பெயரை நான் அதிகம் கேட்கவில்லை.

தீர்மானம் வந்து இரண்டு வாரம். ஜூன் 24, பொசொன் போயா நாளில், அந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றிருந்த 16 தமிழ்க் கைதிகள் பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள். கூடவே, கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கும் அதே நாளில் மன்னிப்பு. கொடுக்கிற கை எப்படியும் தன் கணக்கையும் நடுவில் செருகிவிடும். டிசம்பரில் கவிஞருக்கு ஜாமீன் கிடைத்தது. 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தினார்கள். விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் காலம் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமானது. நீக்குவதாகச் சொன்னதில் ஆறு மாதம் கழிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நமக்கும் நாட்டுக்கு மேலே ஓர் அமைப்பு இருக்கிறது. சார்க். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் பிறந்தது. அதன் சாசனத்தின் பத்தாவது பிரிவு இரண்டே வரி: எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும், இரு நாட்டுச் சிக்கல்களும் சர்ச்சைக்குரிய விஷயங்களும் பேச்சில் வரக் கூடாது. அதாவது முக்கியமான எதையும் பேசக் கூடாது. ஆனால் மேசையில் பேசாததை நடைபாதையில் பேசினார்கள். 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு. இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே வருகிறார் என்பதால் நவம்பர் 8 அன்று தமிழ்நாடு முழுக்க ஈழப் போராளிக் குழுக்களின் வீடுகளில் போலீஸ் புகுந்து ஆயுதங்களை அள்ளியது. எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரிப் பேருந்தில் அதுதான் பேச்சு. பிறகு மாநாட்டு நேரத்தில் பிரபாகரனையே பெங்களூருக்குக் கூட்டிப்போய் எம்.ஜி.ஆரை வைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1989இல் இந்தியப் படை தன் மண்ணில் இருக்கும்வரை மாநாடு நடத்த மாட்டேன் என்று அடுத்த இலங்கை அதிபர் பிரேமதாசா மறுக்க, அந்த வருஷம் சார்க் மாநாடே இல்லை.

ஆக சார்க்கால் ஒரு பிரயோஜனமும் இல்லையா என்றால், உண்டு. என் தொழிலில் உண்டு. ஐரோப்பியச் சுங்க விதியில் சார்க் நாடுகளில் பெரும்பாலானவை ஒரே குழு. இந்தியாவில் நெய்த துணியை இலங்கையில் தைத்தால், சில கணக்குகளுக்கு உட்பட்டு, அந்தத் துணியை அந்நியத் துணியாக எண்ண மாட்டார்கள். சட்டை இலங்கைச் சட்டையாகிவிடும், வரிவிலக்கோடு ஏறிப்போகும். நாம் நம்மை ஒரே வீடாக எண்ணுகிறோமோ இல்லையோ, பிரசெல்ஸில் உட்கார்ந்திருக்கிற சுங்க அதிகாரி எண்ணுகிறார்.

ஐரோப்பாவை ரொம்பவும் தூக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதுவும் கடைசியில் அரசுகள் கூடிய மன்றம்தான். ஐந்து லட்சம் பேர் பேசும் மால்டா மொழி அங்கே ஆட்சிமொழி, ஏனென்றால் அதற்கு ஒரு நாடு இருக்கிறது. தொண்ணூறு லட்சம் பேருக்கு மேல் பேசும் கத்தலான் மொழிக்கு அந்த இடம் இல்லை, ஒன்றியத்துக்குள் அதற்கென்று நாடு இல்லாததால். 1993இல் கோபன்ஹேகனில் கூடி, இனி புதிதாகச் சேர வருகிற நாடு சிறுபான்மையினரைப் பாதுகாக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை. பிராந்திய மொழிகளைக் காக்கும் ஐரோப்பிய மன்றத்தின் பட்டயத்தில் 1999இல் கையெழுத்துப் போட்ட பிரான்ஸ் இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. பாரிஸ் பேரப்பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போவது பெற்றோர் செலவில்.

லண்டன் மகளின் கதையும் சுருக்கமாக. நெதர்லாந்துக் கடவுச்சீட்டு இருந்ததால் ஒரு விசாவும் கேட்காமல் அவர்கள் லண்டனில் குடியேற முடிந்தது. அப்படி ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்திலிருந்து நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். உறவும் கோவிலும் ஆங்கிலப் படிப்பும் அங்கே இருந்தன. 2020இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது, அந்த வருஷக் கடைசியோடு அந்த வழி அடைபட்டது. மனுவும் இரண்டாகிவிட்டது, பிரசெல்ஸுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று. தனியே போன பிரிட்டன் 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா, கரன்னாகொட உள்ளிட்ட இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகள் மீதும் புலிகளிலிருந்து பிரிந்த கருணா மீதும் தன் போக்கில் தடை விதித்தது. கூட்டமாக இருந்தால்தான் வலு என்று இனி ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

நான் 2017இல் வேலையை விட்டேன். அதே வருஷத்திலிருந்து ஃபார்ம் ஏயும் மெல்ல வழக்கொழிந்தது. இப்போது பதிவு செய்துகொண்ட ஏற்றுமதியாளரே இன்வாய்ஸில் உறுதிமொழி எழுதிவிடலாம். எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. மாடி அம்மாவுக்கு வருகிற படிவங்களை நான்தான் நிரப்புகிறேன். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கைக்கு இடமில்லை. முகாமில் இருப்பவர்களும் வெளிப்பதிவில் இருப்பவர்களும் காவல் துறையில் பதிந்து, காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பெயர் இன்று எந்த ஊர் வாக்காளர் பட்டியலிலும் இல்லை.

போன மாதம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், நடைபாதையில் குவித்திருந்த எக்ஸ்போர்ட் மிச்சத்தில் ஒரு சட்டை எடுத்தேன். உள்பட்டியில் இலங்கையில் தைத்தது என்று இருந்தது. துணியைத் தடவிப் பார்த்தேன். இந்தியப் பாப்ளின் என்று பந்தயம் கட்டுவேன். வீட்டுக்கு வந்து மாடி அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "காலர் வடிவாத் தைச்சிருக்கினம்" என்றார். பேத்தியின் தொழிற்சாலையாக இருக்குமோ என்று பட்டியில் தேடினார். கம்பெனிப் பெயரை வெட்டி எடுத்திருந்தார்கள்.

பிறகு புதுப்பிப்புப் படிவத்தை எடுத்து வைத்தார். பெயர், பிறந்த இடம், வந்த தேதி, வந்த வழி. ஒரு துணி கொழும்பில் நாலு மணி நேரம் தையல் பட்டால் நாடு மாறிவிடுகிறது. இவர் தாம்பரத்துக் காய்கறியும் கார்ப்பரேஷன் தண்ணீருமாக இத்தனை வருஷம் வேலைப்பட்டிருக்கிறார். எட்டாம் கட்டம் இந்தப் படிவத்தில் இருந்தால் நான் 'டபிள்யூ' என்று போட்டிருப்பேன். இல்லை. நாடு என்ற இடத்தில் வழக்கம்போல இலங்கை என்று எழுதினேன்.

"பிள்ளை, கையெழுத்து நீலப் பேனாவோ கறுப்போ? போனமுறை திருப்பிப்போட்டாங்கள்."

கறுப்பு என்றேன். என் பையில் நீலம்தான் இருந்தது. கீழே போய் எடுத்து வந்தேன்.